பைனலுக்கு இறங்காமல் இருந்தால் ஏதாவது நடக்குமா?

இலங்கை மலையகத்தில், நோர்வூட் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்ட உதைபந்தாட்ட அணிக்கு ஆடும் தம்பி கேட்ட கேள்வி இது. பன்னிரண்டு தோட்டங்கள் ஆடும் சுற்றுப்போட்டியில் அவர்கள் பைனலுக்கு வந்திருக்கிறார்கள். போன வருடம் வென்ற அணிக்கு அறிவித்த பரிசுப் பணம் இன்னும் கொடுபடவில்லை. இந்த வருடமும் எல்லா அணிகளிடமும் நுழைவுக் கட்டணம் வாங்கியாயிற்று. வெளியாட்களைச் சேர்க்கக் கூடாது என்று எழுதிய விதியை எழுதியவர்களே பார்க்காமல் விட்டுவிட்டார்கள். பையன்கள் ஐந்து கோரிக்கைகளைப் பட்டியல் போட்டு, பைனலைப் பகிஷ்கரிப்போம் என்கிறார்கள். பெரியவர்கள் கையில் வந்த கப்பை விடாதே என்கிறார்கள். "உலகத்தில் உதைபந்தாட்டக்காரர்கள் ஆட மறுத்தோ, ரசிகர்கள் எதிர்ப்புக் காட்டியோ ஏதாவது மாறியிருக்கிறதா? நாங்கள் என்ன செய்வது, சேர்?"

மாறியிருக்கிறது, தம்பி. ஆனால் அதைவிட அதிக தடவை, ஆட மறுத்த அணி வீட்டுக்குப் போயிருக்கிறது, எதிரணி கப்பைத் தூக்கியிருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் என்ன வித்தியாசம் என்பதைத்தான் சொல்லப் பார்க்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் என் கதை. எண்பதுகளின் கடைசியில் நானும் தோட்ட அணியில் இடது பக்கம் ஓடியவன். ஒரு சனிக்கிழமை அரையிறுதி. இரண்டாம் பாதியில் எங்களுக்கு எதிராக ஒரு பெனால்டி கொடுத்தார்கள். பந்து எங்கள் ஆளின் நெஞ்சில்தான் பட்டது, கையில் படவில்லை. எங்கள் கெப்டன் பந்தைத் தூக்கி எறிந்துவிட்டு "வாங்கடா போவோம்" என்றார். பதினொரு பேரும் வெளியே வந்து, கோட்டுக்கு அந்தப் பக்கம் ஈரப் புல்லில் உட்கார்ந்தோம். மத்தியஸ்தர் மணிக்கட்டைத் திருப்பி நேரத்தைப் பார்த்தார். எதிரணிக் கெப்டன் வந்து ஒரு தடவை கூப்பிட்டார். நாங்கள் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் நீண்ட விசில் ஒன்று. ஒலிபெருக்கியில் பைனலுக்குப் போகும் அணியின் பெயரைச் சொன்னார்கள். அடுத்த நிமிடம் சினிமாப் பாட்டுப் போட்டுவிட்டார்கள்.

அந்தப் பாட்டை நான் இன்னும் மறக்கவில்லை. நாங்கள் ஏதோ பெரிய காரியம் செய்துவிட்டதாக நினைத்து உட்கார்ந்திருக்கிறோம், மைதானத்தில் அடுத்த மேட்சுக்கு ஆட்கள் பந்து உருட்டத் தொடங்கிவிட்டார்கள். மூன்று கட்டை தூரம் நடந்து வந்தோம். எங்கள் கோலி வழியெல்லாம் வாய் திறக்கவில்லை. மேட்சுக்கு வருவதற்காக அன்று அவர் அரைப் பேரோடு, அதாவது அரை நாள் கணக்கோடு, வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார், அரை நாள் சம்பளம் போனது போனதுதான். எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வீட்டு வரிசைக்கு, வந்து எதற்காக வெளியே வந்தோம் என்று பேசினால் ஆளுக்கொரு காரணம். ஒருவருக்குப் பெனால்டி. ஒருவருக்கு முதல் பாதியில் கிடைக்காத ஓப்சைட். இன்னொருவருக்கு அந்த மத்தியஸ்தர் எதிரணித் தோட்டத்தில் பெண் எடுத்தவர் என்ற கோபம்.

தோட்டத்தில் பிறந்த நமக்கு இந்த விஷயம் புரியாமல் போயிருக்கக் கூடாது. ஸ்ட்ரைக் என்று பேச்சு வந்தால் நம் பெரியவர்கள் முதலில் மலையைத்தான் பார்ப்பார்கள். கொழுந்து பொங்கி வரும் காலத்தில் சில நாள் கை வைக்காவிட்டால் முற்றிப் போகும், அடுத்த ரவுண்டு முழுக்கக் குழம்பும், பக்டரிக்கு நட்டம். வரட்சியில், எடுக்க ஒன்றுமே இல்லாத மாதத்தில், அதே ஸ்ட்ரைக்கை எத்தனை நாள் செய்தாலும் தோட்டத்தை நடத்தும் துரைக்குச் சம்பளம்தான் மிச்சம். அப்புறம் இன்னொன்றையும் பார்ப்பார்கள்: தோட்டத்தின் மேல்கணக்கு, கீழ்க்கணக்கு என்ற இரண்டு பிரிவும் சேர்ந்து நிற்குமா, கருங்காலி யாராவது இருக்கிறார்களா, அரிசிக்கு வழி என்ன. இவை எல்லாவற்றையும் யோசித்துவிட்டுத்தான் பெரட்டுக்கு, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் இடத்துக்கு, போகாமல் நிற்பார்கள். 1940 ஜனவரியில் முல்லோயா தோட்டத்து வேலைநிறுத்தத்தில் தொழிலாளி கோவிந்தன் பொலிஸாரின் குண்டுக்குப் பலியான மண் இது. வேலைநிறுத்தம் என்ற சொல்லை இங்கே யாரும் விளையாட்டாகச் சொல்வதில்லை.

அதனால் யாராவது பகிஷ்கரிப்பு என்று என்னிடம் வந்தால் நான் முதலில் கேட்பது, இங்கே கொழுந்து எது? நீங்கள் கை வைக்காவிட்டால் எதிரில் இருப்பவருக்கு எது முற்றிப் போகும்? என் அரையிறுதியில் அப்படி ஒன்றும் இல்லை. நாங்கள் இல்லாமலே அவர்களுக்குப் பைனல் கிடைத்துவிட்டது.

உலக உதைபந்தாட்டத்தில் நடந்த பெரிய பகிஷ்கரிப்பை இந்தக் கண்ணோடு பாருங்கள். 1966 உலகக் கிண்ணம் இங்கிலாந்தில் நடந்தது. பதினாறு இடங்கள். ஐரோப்பாவுக்குப் பத்து, தென்னமெரிக்காவுக்கு நான்கு, வட மத்திய அமெரிக்காவுக்கு ஒன்று. மிச்சம் இருந்த ஒரே ஒரு இடத்தை ஆபிரிக்கா, ஆசியா, ஓசியானியா என்று மூன்று கண்டமும் சேர்ந்து அடித்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆபிரிக்காவில் முதலாவதாக வரும் அணி அதோடு நிற்காமல் ஆசியாவில் வெல்லும் அணியோடு இன்னொரு தடவை மோத வேண்டும். 1964இல் உலக உதைபந்தாட்டத்தை நிர்வகிக்கும் பிஃபா இப்படி முடிவெடுத்தது. கானா ஜனாதிபதி குவாமே என்க்ரூமாவின் ஆட்சியில் விளையாட்டுத் துறையைப் பார்த்துக்கொண்ட ஒஹேனே ஜான் பிஃபாவின் நிர்வாகக் குழுவிலும் இருந்தவர். அவரும் எத்தியோப்பியாவின் உதைபந்தாட்ட நிர்வாகி டெசெமாவும் எதிர்ப்பை முன்னின்று நடத்தினார்கள். பதினைந்து ஆபிரிக்க நாடுகள் தகுதிச் சுற்றிலிருந்து விலகின.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது கானாவை. 1963இலும் 1965இலும் ஆபிரிக்கக் கிண்ணத்தை வென்றது அந்த அணிதான். அந்த ஒரு இடத்துக்கு நியாயமாக ஆசைப்படக்கூடியவர்கள் யாராவது இருந்தால் அவர்கள்தான். போகக் கூடியவனே போகமாட்டேன் என்று சொன்னதால்தான் மற்றவர்களும் நின்றார்கள். பதினைந்தில் ஒருவர் "சரி, நாங்கள் ஆடுகிறோம்" என்று சொல்லியிருந்தாலும் அத்தனையும் உடைந்திருக்கும். ஒருவரும் சொல்லவில்லை. பிஃபா அபராதம் போட்டது. போட்டி நடந்தது. வட கொரியா அவுஸ்திரேலியாவை வென்று இங்கிலாந்துக்குப் போய், இத்தாலியை 1-0 என்று வீட்டுக்கு அனுப்பியது. ஆபிரிக்கா இல்லாமலே அந்த உலகக் கிண்ணம் முடிந்தது. அன்றைக்குப் பார்த்தவர்களுக்கு ஆபிரிக்கா தோற்றதாகத்தான் தெரிந்திருக்கும். ஆனால் அடுத்த 1970 உலகக் கிண்ணத்தில் ஆபிரிக்காவுக்கென்று தனி இடம் ஒன்று வந்தது. அதில் போனது மொரோக்கோ. 2022இல் கட்டாரில் அரையிறுதி வரை போன முதல் ஆபிரிக்க அணியும் அதே மொரோக்கோதான். மொரோக்கோ வீரர் ஹக்கீமியின் படத்தை போன் திரையில் வைத்திருக்கும் பையன்கள் உங்கள் அணியிலேயே இருப்பார்கள். 1966இல் ஆடாமல் நின்றவர்கள் திறந்துவைத்த கதவு அது.

அவர்களிடம் கேட்க இருந்தது ஒரே ஒரு விஷயம். எங்களுக்கென்று ஒரு இடம். கேள்வியை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் பட்டியலைப் பற்றிப் பிறகு பேசுகிறேன்.

அடுத்தது வீரர்கள் தங்கள் சம்பளத்துக்காகச் செய்தது. இங்கிலாந்தில் 1961 வரை ஒரு வீரருக்கு வாரம் 20 பவுணுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று விதி. கோடைகாலத்தில் 17. மைதானத்தில் முப்பதாயிரம் நாற்பதாயிரம் பேர் டிக்கெட் வாங்கிப் பார்க்கிறார்கள், பணம் கிளப்புக்காரர்களிடம் போகிறது. வீரர்கள் சங்கத்தின் தலைவர் ஜிம்மி ஹில் ஊர் ஊராகக் கூட்டம் போட்டார். மான்செஸ்டர் கூட்டத்தில் நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு சம்பவத்தை நான் பாடசாலைப் பையன்களுக்குப் பல தடவை சொல்லியிருக்கிறேன். இளம் வீரர் ஒருவர் எழுந்து, என் அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கி என் சம்பளத்தில் பாதியைத்தான் வாங்குகிறார், நாங்கள் எந்த முகத்தோடு ஸ்ட்ரைக் செய்வது என்று கேட்டாராம். போல்ட்டன் அணியின் டொமி பேங்ஸ் எழுந்தார். அவரும் முன்பு சுரங்கத்தில் வேலை செய்தவர். உன் அப்பா வேலை கஷ்டமானதுதான், எனக்குத் தெரியும். ஆனால் அவர் வெட்டுவதைப் பார்க்க முப்பதாயிரம் பேர் காசு கொடுத்து வருவதில்லை, நான் நட்சத்திர வீரர் ஸ்டான்லி மெத்தியூஸைத் தடுப்பதைப் பார்க்க வருகிறார்கள் என்ற பொருளில் பதில் சொன்னார். கூட்டம் கை தூக்கியது. 1961 ஜனவரி 21ஆம் திகதி ஸ்ட்ரைக் என்று நாள் குறித்தார்கள். அதற்கு மூன்று நாள் முன்பே லீக் இறங்கி வந்து உச்சவரம்பை எடுத்துவிட்டது. ஒரு மேட்ச்கூட நிற்கவில்லை.

சுரங்கக்காரர் மகனின் அந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். நம்மிடமும் அது இருக்கிறது. அம்மா அட்டைக்கடியில் மலை ஏறி இறங்கும்போது நீ பந்துக்குப் பரிசுப் பணம் கேட்டுச் சண்டை போடுகிறாயா என்று லயத்தில் யாராவது கேட்பார்கள். கேட்கட்டும். அறிவித்த பணத்தைக் கேட்பது பேராசை ஆகாது. அந்தப் பணத்தைக் காட்டித்தான் பன்னிரண்டு அணிகளிடம் கட்டணம் வாங்கினார்கள்.

கானா அணி 2014இல் பிரேசில் உலகக் கிண்ணத்துக்குப் போனபோது, சொன்ன பணம் கைக்கு வரவில்லை. வீரர்கள் பயிற்சிக்குப் போக மறுத்தார்கள். அந்த நாட்டு ஜனாதிபதி 30 இலட்சம் டொலருக்கும் மேல் காசாகவே விமானத்தில் ஏற்றி அனுப்பினார். விமான நிலையத்திலிருந்து பாதுகாப்பு வாகனங்களோடு பணம் ஹோட்டலுக்குப் போனது. அடுத்த மேட்சில் போர்த்துக்கலிடம் தோற்று வெளியேறினார்கள். பணத்துக்காக நாட்டை விட்டுக்கொடுத்தார்கள் என்று பலர் ஏசினார்கள். எனக்கு அந்த வீரர்கள் மீது கோபம் இல்லை. அவர்களுடைய நாட்டிலும் பக்கத்து நாடுகளிலும் "பிறகு தருகிறோம்" என்ற சொல்லை நம்பி ஏமாந்தவர்கள் ஏராளம். நைஜீரியப் பெண்கள் 2016இல் ஆபிரிக்கக் கிண்ணத்தை வென்று வந்த பிறகும் பணம் கிடைக்காமல் அபுஜா ஹோட்டலில் அறையைக் காலி செய்யாமல் உட்கார்ந்தார்கள்.

டென்மார்க் பெண்கள் கொடுத்த விலை இதைவிடப் பெரியது. 2017இல் ஐரோப்பியக் கிண்ணப் பைனல் வரை போனவர்கள். அதே வருடம் ஒக்டோபரில் ஒப்பந்தம் சரிவராததால் சுவீடனுக்கு எதிரான உலகக் கிண்ணத் தகுதிப் போட்டிக்கு அவர்கள் இறங்கவில்லை. சுவீடனுக்கு 3-0 என்று வெற்றி கொடுக்கப்பட்டது. சில வாரத்தில் ஒப்பந்தம் கையெழுத்தானது, ஆனால் 2019 உலகக் கிண்ணத்துக்கு அவர்களால் போக முடியவில்லை. பிறகு வந்த மேலதிகத் தகுதிச் சுற்றில் நெதர்லாந்திடம் தோற்றார்கள். ஒன்று கிடைத்தது, ஒன்று போனது. இதைத் தெரிந்துகொண்டுதான் இறங்க வேண்டும்.

இனி ரசிகர்கள். உங்கள் கேள்வியில் பாதி அவர்களைப் பற்றியது. உங்கள் பைனலிலும் அவர்களை மறந்துவிட்டுத்தான் எல்லாரும் பேசுகிறீர்கள் என்று நினைக்கிறேன்.

2016 பெப்ரவரி 6ஆம் திகதி, லிவர்பூல் தன் சொந்த மைதானத்தில் சண்டர்லாந்தோடு ஆடியது. புதிய பகுதியில் ஒரு டிக்கெட் 77 பவுண் ஆகப் போகிறது என்று கிளப் அறிவித்திருந்தது. ரசிகர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? வழக்கம்போல டிக்கெட் எடுத்து உள்ளே வந்தார்கள். பாடினார்கள். தங்கள் அணி 2-0 என்று முன்னால் இருந்தது. 77ஆவது நிமிடம் வந்ததும் எழுந்து நடந்தார்கள். ஏறக்குறைய பத்தாயிரம் பேர். தொலைக்காட்சியில் சிவப்பு ஆசனங்கள் வரிசை வரிசையாகக் காலியாவதை உலகம் பார்த்தது. மிச்ச நேரத்தில் சண்டர்லாந்து இரண்டு கோல் போட்டு மேட்ச் 2-2 ஆனது. சில நாட்களில் கிளப் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு, அந்த விலையைக் கைவிட்டு, இரண்டு பருவத்துக்கு விலையை ஏற்றவில்லை. பதின்மூன்று நிமிடப் பகிஷ்கரிப்பு. எந்த நிமிடத்தில் எழுந்தார்களோ அந்த எண்ணே எதற்காக என்று சொல்லிவிட்டது, பதாகைகூட வேண்டியிருக்கவில்லை.

அதே நகரத்தில் வேறொன்றும் நடக்கிறது. 1989 ஏப்ரலில் ஷெபீல்ட் நகரின் ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் 97 லிவர்பூல் ரசிகர்கள் உயிரிழந்தார்கள். நான்கு நாள் கழித்து 'சன்' என்ற பத்திரிகை இறந்தவர்களையே அவமதிக்கும் பொய்களை முதல் பக்கத்தில் போட்டது. அன்று தொடங்கி இன்று வரை லிவர்பூலில் அந்தப் பத்திரிகையைத் தொடாத வீடுகள்தான் அதிகம். வாங்கி விற்காத பெட்டிக்கடைகள் நிறைய. முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாயிற்று. தாத்தா வாங்கவில்லை, பேரனும் வாங்கவில்லை.

ஜேர்மனியில் 2023 டிசம்பரில், லீக்கை நடத்தும் நிறுவனம் ஒளிபரப்பு வருமானத்தில் ஒரு பங்கை இருபது வருடத்துக்கு வெளி முதலீட்டாளருக்கு விற்கலாம் என்று முடிவெடுத்தது. 36 கிளப்புகளில் 24 ஆதரவு, தேவையான எண்ணிக்கைக்குச் சரியாக. அடுத்த வாரங்களில் மைதானம் மைதானமாக ரசிகர்கள் டெனிஸ் பந்துகளையும், காசு மாதிரி பொன்தாள் சுற்றிய சொக்லேட்டுகளையும் புல்லில் வீசினார்கள். மேட்ச் நிற்கும். ஆட்கள் பொறுக்குவார்கள். மறுபடி தொடங்கும். மறுபடி வீசுவார்கள். பெர்லினில் ஹெர்தாவும் ஹம்பர்க்கும் ஆடிய மேட்ச் அரை மணி நேரம் நின்றது. யாருக்கும் அடிபடவில்லை, ஆனால் ஒளிபரப்பு அட்டவணை சிதறியது. விற்கப் போன சரக்கே ஒளிபரப்புதான். 2024 பெப்ரவரி 21ஆம் திகதி திட்டத்தைக் கைவிட்டார்கள். கொழுந்து எது என்று அந்த ரசிகர்களுக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது.

2021 ஏப்ரலில் பன்னிரண்டு பணக்காரக் கிளப்புகள் தங்களுக்கென்று தனி 'சூப்பர் லீக்' அறிவித்ததும், இங்கிலாந்து ரசிகர்கள் வீதிக்கு வந்ததில் இரண்டு மூன்று நாளில் அது சரிந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். அதனால் அதில் நேரம் செலவழிக்கவில்லை.

எல்லாப் பகிஷ்கரிப்பும் எதையாவது வாங்குவதற்காகச் செய்வது இல்லை, தம்பி. 1973இல் சிலியில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. சந்தியாகோ தேசிய மைதானத்தில் ஆயிரக்கணக்கானவர்களை அடைத்துவைத்துச் சித்திரவதை செய்தார்கள். அந்த மைதானத்தில் நவம்பரில் சிலிக்கும் சோவியத் யூனியனுக்கும் உலகக் கிண்ணத் தகுதிப் போட்டி. பிஃபா குழு வந்து பார்த்துவிட்டு மைதானம் ஆடுவதற்குச் சரி என்றது. அவர்கள் பார்த்தபோதும் கைதிகள் உள்ளே மறைத்துவைக்கப்பட்டிருந்தார்கள். இரத்தம் சிந்திய இடத்தில் ஆடமாட்டோம் என்று சோவியத் அணி வரவில்லை. அவர்களுக்கும் அவர்களுடைய அரசியல் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. நவம்பர் 21ஆம் திகதி சிலி அணி தனியே மைதானத்துக்கு இறங்கி, பந்தை ஒருவருக்கொருவர் தட்டிக்கொண்டே போய், கெப்டன் காலியான கோலுக்குள் உதைத்தார். உலகக் கிண்ணத்துக்குப் போனது சிலிதான், சோவியத் யூனியன் வீட்டில் இருந்தது. ஆனால் அந்தக் காலிக் கோலை வெற்றி என்று சொல்ல எனக்கு மனம் வராது. இப்படி மனச்சாட்சிக்காக ஆடாமல் இருப்பவன் தோல்வியை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு நிற்கிறான். உங்களுடையது அந்த வகை இல்லை. உங்களுக்கு வேண்டியது ஒரு தொகை.

2010இல் பிரான்ஸ் வீரர்கள் தென்னாபிரிக்காவில் செய்ததையும் நினைத்துப் பாருங்கள். சக வீரர் அனெல்காவை வீட்டுக்கு அனுப்பியதற்காகப் பயிற்சிக்கு இறங்காமல் பஸ்ஸுக்குள் உட்கார்ந்தார்கள். அவர்களுடைய அறிக்கையை அவர்கள் சண்டை போட்ட பயிற்றுவிப்பாளரே பத்திரிகையாளர்களுக்கு வாசித்துக் காட்டினார். சொந்த நாட்டிலேயே ஒருவரும் அவர்கள் பக்கம் நிற்கவில்லை. எங்கள் அரையிறுதி மாதிரித்தான், கோபம் இருந்தது, கேட்பது என்னவென்று தெளிவு இல்லை.

இப்போது உங்கள் பைனலுக்கு வருவோம்.

இருபது வருடம் விசில் ஊதியவன் என்பதால் முதலில் விதியைச் சொல்கிறேன். ஒரு அணியில் ஏழு பேருக்குக் குறைந்தால் மேட்ச் நடத்த முடியாது. நீங்கள் வராவிட்டாலோ, நடுவில் வெளியேறினாலோ மத்தியஸ்தர் செய்யக்கூடியது நிறுத்திவிட்டு அறிக்கை எழுதுவதுதான். முடிவு சுற்றுப்போட்டி விதிப்படி, ஏற்பாட்டுக் குழுவின் கையில். அதாவது நீங்கள் யாரோடு சண்டை போடுகிறீர்களோ அவர்கள் கையில். அந்த விதித்தாளை முதலில் வாங்கி வாசியுங்கள். அடுத்த வருடத் தடை பற்றி அதில் ஒரு வரி இருந்தால் உங்களுக்குப் பின்னால் வரும் சின்னப் பையன்களைத்தான் அது அடிக்கும். மேலே உள்ளவர்களின் சண்டைக்கு வீரர்கள் விலை கொடுப்பதை நாம் பார்த்திருக்கிறோம். 2023 ஜனவரியில் பிஃபா இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தை இடைநிறுத்தியது. அந்த வருடம் பெங்களூரில் நடந்த தெற்காசியப் போட்டிக்கு நம் அணியால் போக முடியவில்லை. ஆடும் வயதில் ஒரு வருடம் போனால் யாரும் திருப்பித் தர மாட்டார்கள்.

இரண்டாவது, உங்கள் பட்டியல். பரிசுப் பணம், வெளியாட்கள், மத்தியஸ்தர், ஜேர்சி, மேட்ச் அன்று கொடுக்கும் சாப்பாடு என்று ஐந்து எழுதியிருக்கிறீர்கள். நான்கை வெட்டுங்கள். போன வருடப் பணம், இந்த வருடப் பணம், இரண்டும் பைனலுக்கு முன்னால் எல்லாரும் நம்பும் ஒருவர் கையில் இருக்க வேண்டும். அது போதும். வெளியாட்கள் விஷயம் நியாயமானதுதான், ஆனால் அதைத் தொட்டால் எதிரணி உங்களுக்கு எதிரி ஆகிவிடும். உங்களுக்கு அவர்கள் வேண்டும்.

இதுதான் முக்கியம். நாளைக்கே எதிரணிக் கெப்டனைப் போய்ப் பாருங்கள். நீங்கள் மட்டும் நின்றால் அது வோக் ஓவர், ஆடாமலே அவர்களுக்கு வெற்றி. இரண்டு அணியும் சேர்ந்து நின்றால் அங்கே பைனலே இல்லை. பணம் வராவிட்டால் வெல்லும் அணிக்குத்தானே நட்டம், அது அவர்களாகவும் இருக்கலாம். போன வருடம் வென்ற அணியையும் கூட்டிக்கொண்டு போங்கள், பணம் அவர்களுக்குத்தான் வரவேண்டியது. மற்றப் பத்து அணிகளின் கெப்டன்மாரும் கையெழுத்து வைத்தால் இன்னும் நல்லது.

மூன்றாவது, ஆடாமல் இருப்பதற்கு முன்னால் செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன. நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். நான் ஆசிரியரான பிறகு நடந்தது. ஒரு சுற்றுப்போட்டியில் ஒரு பையனுக்குக் கணுக்கால் முறிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகவர ஆகும் செலவைத் தருவதாக ஏற்பாட்டாளர்கள் சொன்னார்கள், தரவில்லை. அரையிறுதிக்கு வந்த நான்கு அணிகளும் பேசிக்கொண்டார்கள். மேட்ச் அன்று நான்கு அணிகளும் அனுசரணையாளர் கொடுத்த ஜேர்சியை உள்ளே வெளியே திருப்பிப் போட்டுக்கொண்டு இறங்கினார்கள். ஒரு சத்தமும் இல்லை. அன்று தூறல். துணி நனைய நனைய, உள்பக்கமாகப் போன கடைப் பெயர் முதுகில் கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலம் மாறித் தெரிந்தது. பணம் போட்ட முதலாளி மேடையில் குடைக்குள் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் மேட்ச் இடைவேளையில் அவர் ஏற்பாட்டாளரைக் கூப்பிட்டு என்ன விஷயம் என்று கேட்டார். புதன்கிழமை அந்தப் பையன் வீட்டுக்குப் பணம் போய்விட்டது.

பல வருடம் கழித்து, 2020 மார்ச்சில், அமெரிக்கப் பெண்கள் அணி சம ஊதிய வழக்கின் நடுவில் பயிற்சிச் சட்டையைத் திருப்பிப் போட்டுச் சங்கச் சின்னத்தை மறைத்து நின்ற படத்தைப் பார்த்தபோது எனக்கு அந்தத் தூறல் நாள்தான் ஞாபகம் வந்தது. அவர்களுக்கு 2022இல் 2 கோடி 40 இலட்சம் டொலர் இணக்கம் கிடைத்தது.

உங்கள் ஏற்பாட்டாளர்களுக்குக் கொழுந்து எது? பைனல் அன்று வரும் கூட்டம். பதாகை கட்டும் கடைக்காரர்கள். மாலை போட்டுக் கூட்டி வரும் பிரதம விருந்தினர். இதில் ஒவ்வொன்றையும் நீங்கள் மெதுவாகத் தொடலாம். வரவேற்பு ஊர்வலத்தில் போகாமல் இருக்கலாம். விருந்தினரோடு படத்துக்கு நிற்காமல் இருக்கலாம். போன வருடம் வராத தொகை எத்தனை ஆயிரமோ அத்தனையாவது நிமிடத்தில் உங்கள் தோட்டத்து ஆட்கள் எல்லாரும் எழுந்து மைதானத்துக்கு முதுகு காட்டி நிற்கலாம். கொழுந்துக்குப் போகும் அக்காமாரிடமும் சொல்லுங்கள். அவர்கள் கரையிலிருந்து எழுந்தால் மைதானம் வெறுமையாகத் தெரியும். கல் எறிவது, கம்பத்தைச் சாய்ப்பது, மத்தியஸ்தர் மேல் கை வைப்பது, ஒன்றும் கூடாது. அதில் ஒன்று நடந்தாலும் பேச்சு பணத்தை விட்டுப் போய்விடும், பொலிஸ் வரும், பிடிபடுவது எந்தப் பாவமும் அறியாத பையனாக இருப்பான்.

அரசியல்வாதி யாரையும் கூப்பிடாதீர்கள். வந்தால் பணத்தை மேடையில் வைத்துக் கொடுப்பார், விஷயம் அவருடையதாகிவிடும்.

இத்தனையும் செய்து, பைனலுக்கு முதல் நாள் இரவு வரை பணம் வரவில்லை என்றால், இரண்டு அணியும் சேர்ந்து இறங்காமல் இருங்கள். அப்போது நான் உங்கள் பக்கம். அன்று நாள் சம்பளம் போகும் பையன்களுக்கு அணிப் பணத்திலிருந்து ஏதாவது ஒதுக்கிவையுங்கள். எங்கள் கோலிக்கு நாங்கள் அதைச் செய்யவில்லை.

கடிதத்தைத் தமிழில் ஒன்றும் சிங்களத்தில் ஒன்றுமாக எழுதுங்கள், குழுவில் இரண்டு பேருக்குத் தமிழ் வாசிக்க வராது என்று சொன்னீர்கள். அரைப் பக்கத்துக்கு மேல் வேண்டாம். தொகை, திகதி, கையெழுத்துகள். கொடுக்கும்போது ஒரு பிரதியில் வாங்கியவரின் கையெழுத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள், ஞாயிற்றுக்கிழமைக்குள் பார்த்துத் திருத்தித் தருகிறேன்.